பராமரிப்பு இல்லக் கழிப்பறையில் வாஷ்பேசின் பக்கத்து ப்ளக் பாயிண்ட்: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

முதியோர் இல்லத்திலோ மறுவாழ்வு மையத்திலோ பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே நிறையச் சொல்லித் தருவார்கள். ஆளைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, மாத்திரைப் பெட்டியை எப்படிச் சரிபார்ப்பது, எல்லாம் வரும். வாஷ்பேசினுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற ப்ளக் பாயிண்டைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேச மாட்டார்கள். சொந்த வீட்டில் ஒரு ப்ளக் சூடானாலோ ஆடினாலோ நமக்கே தெரிந்துவிடும். பலர் பயன்படுத்தும் கழிப்பறையில் அப்படி இல்லை. காலையில் ஒருவர் ஷேவ் செய்துவிட்டுப் போகிறார், அப்புறம் யாரோ ஒருவரின் மகள் வந்து அம்மாவுக்கு ஹேர் டிரையர் பிடிக்கிறார், துப்புரவுப் பணியாளர் சுவரோடு சேர்த்துக் கழுவிவிடுகிறார், இரவு டியூட்டியில் இருப்பவர் போனைச் சார்ஜ் போடுகிறார். ப்ளக்கின் ஓரம் லேசாகக் கருகியிருப்பதை இத்தனை பேரும் பார்த்திருப்பார்கள், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இத்தனை பேரும் நினைத்திருப்பார்கள். சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது, ஒயரை முறுக்கிச் சரிசெய்வது, டெஸ்டரை உள்ளே விட்டுப் பார்ப்பது எதுவும் உங்கள் வேலை கிடையாது, அது தெரிந்த எலக்ட்ரீஷியனின் வேலை. பார்ப்பது, சோதனைப் பொத்தானை அழுத்துவது, சந்தேகம் வந்தால் பயன்பாட்டை நிறுத்துவது, எழுதி வைப்பது, இவ்வளவுதான் உங்களுக்கு. இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலே பெரிய விபத்துகள் பலவற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

ஏன் இந்த இடத்துக்கு இவ்வளவு கவனம்

காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நன்றாகக் காய்ந்து தடித்த உள்ளங்கைக்கு ஒரு லட்சம் ஓம் (மின்தடையை அளக்கும் அலகு) வரைகூடத் தடை இருக்கலாம். அதே கை சோப்புத் தண்ணீரில் நனைந்துவிட்டால் உடம்பின் மொத்தத் தடையே ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட் இருக்கிற ஊரில் வோல்ட்டை ஓமால் வகுத்துக் கணக்குப் போட்டால் உடம்பில் பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர், 120 வோல்ட் இருக்கிற ஊரில் 120 மில்லி ஆம்பியர். சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுரீர் என்று தெரியும். 10 மில்லி ஆம்பியரை ஒட்டி விரல்கள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகும். 30 போனால் மூச்சுத் தசைகள் முடங்கலாம். 50, 100 என்று ஏறும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும் அபாயம் வருகிறது. 120 வோல்ட்தானே, குறைவுதானே என்று யாராவது சொன்னால் ஈரக்கையின் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள்.

இது யாருக்கும் பொருந்துகிற கணக்கு. இல்லத்தில் இருப்பவர்களின் நிலைமை இதைவிட மோசம். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவருக்கு அந்த முதல் 'சுரீர்' தெரியவே தெரியாது, அதனால் அவர் கையை இழுத்துக்கொள்ள மாட்டார். பக்கவாதம் வந்தவரால் இழுக்க முடியாது. தள்ளாடி நிற்பவர் ஒரு கையில் ஷேவரும் மறு கையில் குழாயோ உலோகக் கைப்பிடியோ பிடித்துத்தான் நிற்பார், அப்படி நிற்கும்போது ஷேவரில் கசிவு இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். உடம்பில் மின்சாரம் போகக்கூடாத வழி ஒன்று உண்டு என்றால் அது இதுதான். சின்ன ஷாக்காகவே இருந்தாலும் திடுக்கிட்டு விழுந்தால் இடுப்பெலும்பு போகும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே கசியும்.

அப்புறம், மறதி நோய் உள்ளவர்கள். இவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "குழாய் கடிக்குது", "தண்ணி குத்துது", "அந்த ரூமுக்குப் போக மாட்டேன்" என்று ஒரு பாட்டி சொன்னால், பாட்டிக்கு இன்னைக்கு மனசு சரியில்லை என்று குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது மிக எளிது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எர்த் சரியில்லாத கட்டடத்தில், எங்கோ ஒரு கீசரிலோ ஒயரிலோ கசிவு இருந்தால் குழாயைத் தொடும்போது உண்மையிலேயே ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அவர் சொல்வது கோளாறைப் பற்றிய முதல் தகவலாக இருக்கலாம். அந்தக் குழாயை நீங்கள் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்கவும் கூடாது. அறையை மூடுங்கள், வேறு கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள், எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் நல்லதுதான். யாருடைய நேரமும் வீண் இல்லை.

முதல் வேலை: அந்த ப்ளக்கை எது காக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

சுவிட்ச் போர்டில் வரிசையாக இருக்கிற எம்.சி.பி.யை (மின்சாரம் அளவு மீறினால் தானாக இறங்கும் சுவிட்ச்) காட்டி "அதான் டிரிப் ஆகுமே" என்பார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுவதற்கு வைத்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது கவலைப்படாது. மேலே சொன்ன 230 மில்லி ஆம்பியர் ஒருவர் உடம்பில் பாய்ந்துகொண்டிருந்தால் அதற்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரித்தான் தெரியும்.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற கருவி. சில ஊர்களில் ஆர்.சி.டி. என்பார்கள், வட அமெரிக்காவில் ஜி.எஃப்.சி.ஐ. என்பார்கள், வேலை ஒன்றுதான். லைன் ஒயரில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பி வரவில்லை என்றால் அது வேறு எங்கோ, ஒருவேளை ஒரு ஆளின் வழியாக, தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு இணைப்பை வெட்டிவிடும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்க வைப்பது 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவில் 300 மில்லி நொடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 40 மில்லி நொடிக்குள்ளும் வெட்ட வேண்டும். ஜி.எஃப்.சி.ஐ. இன்னும் கூர்மை, 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே வெட்டும். இந்த ஜி.எஃப்.சி.ஐ.யை 1961-இல் உருவாக்கியவர் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல். எத்தனை மில்லி ஆம்பியர் வரை மனிதர் பிடியை விட முடியும் என்று தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தவரும் அவர்தான். அந்தத் தன்னார்வலர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதை மனதில் வையுங்கள். நம் இல்லத்தில் இருப்பவர்களுக்கு அந்த எண்களை அப்படியே நம்பிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவில் வீட்டுக் குளியலறைகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. 1975-இல் கட்டாயமானது. அதற்கு முன் கட்டி, பின்னால் யாரும் கைவைக்காத பழைய கட்டடங்களில் இப்படி ஒரு கருவியே இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. எந்த நாடாக இருந்தாலும் கட்டடம் பழையது என்றால் கட்டாயம் கேளுங்கள்.

ஆக, மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியது: "இந்தக் கழிப்பறை ப்ளக்குக்கு ஆர்.சி.சி.பி. இருக்கா, அது எந்தப் போர்டில் இருக்கு, அந்தப் போர்டின் சாவி யாரிடம்?" மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். போர்டுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பகலில் மட்டும் வருகிற மேனேஜர் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிற இடங்கள் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு அந்தச் சாவி வேண்டும்.

இந்தக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டு. ஒருவர் லைனையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டு, தரையோடு தொடர்பில்லாமல் இருந்தால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும், கருவிக்கு வித்தியாசம் தெரியாது, வெட்டாது. ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்ற தைரியத்தில் ஈரக்கையோடு ப்ளக்கைப் பிடுங்குவது அதனால்தான் கூடாது.

அடுத்தது: டெஸ்ட் பொத்தான்

இந்தக் கருவிகள் பல வருடம் சும்மாவே இருந்தால் உள்ளே இருக்கிற இயந்திரப் பகுதி ஒட்டிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் நகராமல் போகலாம். அதற்காகத்தான் டெஸ்ட் பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஜி.எஃப்.சி.ஐ. ப்ளக் என்றால் மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்வார்கள். போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி.க்கு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பது அதன் மேலேயே ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளக்கின் முகப்பிலேயே பொத்தான் இருந்தால் வேலை சுலபம். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒரு சின்ன இரவு விளக்கை ப்ளக்கில் செருகி எரிய விடுங்கள். டெஸ்டை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வந்து விளக்கு அணைய வேண்டும். ரீசெட்டை அழுத்தினால் மறுபடி எரிய வேண்டும். சத்தம் வந்தும் விளக்கு அணையவில்லை என்றால் அந்த ப்ளக்கை அன்றே மூடுங்கள், உள்ளே ஒயர் மாறியிருக்கலாம், கருவியே போயிருக்கலாம். பொத்தான் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு 'சரி' என்று டிக் அடிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான், விளக்கு இல்லாமல் சோதிக்காதீர்கள்.

போர்டில் இருக்கிற ஆர்.சி.சி.பி. என்றால் நிதானம் வேண்டும். அதை அழுத்தினால் அந்த ஒரு ப்ளக் மட்டும் போகாது, அந்த வரிசையில் இருக்கிற எல்லாமே போகும். பக்கத்து அறையில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம். படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் பம்ப் ஓடிக்கொண்டிருக்கலாம். இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜ் அதே லைனில் இருக்கலாம். எனவே தன்னிச்சையாக அழுத்தவே கூடாது. பொறுப்பு நர்ஸிடம் சொல்லி, எந்தெந்த அறை அந்த வரிசையில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, ஆக்ஸிஜன் வேண்டியவருக்குச் சிலிண்டரை மாற்றிக் கொடுத்து, அப்புறம்தான் அழுத்த வேண்டும். சுவிட்சை மறுபடி மேலே தூக்கிவிட்ட பிறகு வேலை முடிந்துவிடவில்லை, ஒவ்வொரு அறையாகப் போய் பம்ப் மறுபடி ஓடுகிறதா, மெத்தை இறுகுகிறதா, கருவிகளில் அலாரம் ஏதும் அடிக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். சில பம்புகள் மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்காது, யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை மெத்தை மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கும்.

டெஸ்ட் பொத்தான் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எர்த் இருக்கிறதா, எத்தனை மில்லி நொடியில் வெட்டுகிறது என்பதெல்லாம் மீட்டர் வைத்து எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியவை.

இன்னொரு நடைமுறை விஷயம். ஒரு ஜி.எஃப்.சி.ஐ. ப்ளக் தனக்குப் பின்னால் இணைத்திருக்கிற மற்ற ப்ளக்குகளையும் காக்க முடியும். அதனால் இந்தக் கழிப்பறையில் ப்ளக் செத்துக் கிடந்தால், ரீசெட் பொத்தான் எதிர்க் கழிப்பறையில் இருக்கலாம். இதை ஒரு தாளில் வரைந்து நர்ஸ் மேசைப் பக்கம் ஒட்டி வையுங்கள். புதிதாக வருகிறவர் தேடிச் சலித்துப்போய் வராந்தாவிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுப்பது இந்தத் தகவல் இல்லாததால்தான்.

சுவரைப் பார்ப்பது

ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் இருக்கிற விளக்கே போதும். அதைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத நீர்த்தடமெல்லாம் சாய்வு வெளிச்சத்தில் தெரியும். சோப்புப் பெட்டியின் அடியிலிருந்து வெள்ளையாகக் காய்ந்த ஒரு கோடு இறங்கி, ப்ளக் தட்டின் மேல் விளிம்பில் போய் முடிவதைப் பார்த்தால், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். தட்டின் ஸ்க்ரூ தலையில் துரு இருந்தாலும் அதே கதைதான். ப்ளக் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் லேசாக இளகி வளைந்திருப்பது, தட்டில் விரிசல், சுவருக்கும் தட்டுக்கும் இடையில் சந்து, செருகிய ப்ளக் தானாகத் தொங்கிவிடுவது, உஸ் என்ற சத்தம், கருகிய மீன் போன்ற வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயன்பாட்டை நிறுத்துங்கள்.

ப்ளக்குக்கு மேலே என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கைகழுவும் சானிடைசர் பெட்டியை இடமிருக்கிற பக்கமெல்லாம் மாட்டிவிடுகிறார்கள். அதில் இருப்பது ஆல்கஹால். சொட்டினால் நேராக ப்ளக்குக்குள் இறங்கும், அங்கே ஒரு பொறி போதும். ப்ளக்குக்கோ சுவிட்சுக்கோ நேர் மேலே சானிடைசர் இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லி எழுதுங்கள். சோப்புப் பெட்டிக்கும் பூச்சாடிக்கும்கூட அதே விதி.

தூரத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. அமெரிக்க விதியில் சிங்க்கிலிருந்து 6 அடிக்குள், அதாவது சுமார் 1.8 மீட்டருக்குள் இருக்கிற ப்ளக்குக்கு ஜி.எஃப்.சி.ஐ. வேண்டும். பிரிட்டனில் குளியல் தொட்டியோ ஷவரோ இருக்கிற அறையில் சாதாரண ப்ளக் பாயிண்டை அதன் பக்கத்தில் வைக்கவே விடமாட்டார்கள், ஷேவருக்கென்று தனிப் ப்ளக் மட்டும்தான். உங்கள் ஊர் விதியை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, நான் எந்த இடத்துக்குப் போனாலும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே புழங்குகிற ஹேர் டிரையரையோ ஷேவரையோ மின்சாரத்தில் செருகாமல், அதன் ப்ளக்கை பாயிண்டின் அருகில் பிடித்துக்கொண்டு ஒயரை பேசின் பக்கம் நீட்டுங்கள். கருவி பேசினுக்குள் எட்டுகிறதா? எட்டினால் ஒருநாள் அதற்குள் விழும். விதிப்படி தூரம் சரியாக இருந்தாலும் அதை அங்கே பயன்படுத்த வேண்டாம். உட்கார்ந்த நிலையிலிருந்தும் பாருங்கள், சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை, பேசினில் நனைந்த உடனே, எங்கே போய் ஊன்றும் என்று. நிற்கிற நம் கண்ணுக்கு எட்டாத தூரமாகத் தெரிவது அவருக்குக் கைப்பிடி உயரத்தில் இருக்கும்.

மூடி பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் ப்ளக் மூடிகளை வாங்கி எல்லா ஓட்டையிலும் அடைத்துவிடலாம் என்று தோன்றும். உள்ளேயே ஷட்டர் (ஓட்டையை மூடியிருக்கும் தடுப்பு) உள்ள மூன்று முனை ப்ளக்குகளில் இந்த மூடி ஷட்டரைத் திறந்து வைத்துவிடலாம், பாதுகாப்பு கூடுவதற்குப் பதில் குறையும். பிரிட்டனில் மருத்துவமனைகளிலும் பராமரிப்பு இடங்களிலும் இவற்றை எடுத்துவிடச் சொல்லி 2016-இல் சுகாதாரத் துறையே அறிவிப்பு விட்டது. ஷட்டர் உள்ள நல்ல ப்ளக், அதற்கு மேல் நீர் தெறிப்பைத் தாங்குகிற கதவு மூடி, ஐ.பி. 44 என்று குறிப்பிட்டது, இதைக் கேட்டு வாங்குங்கள். ஐ.பி. 44-இல் இரண்டாவது எண்தான் தண்ணீருக்கானது. 4 என்றால் தெறிப்பைத் தாங்கும், குழாய் வைத்துப் பீய்ச்சினால் தாங்காது.

துப்புரவு செய்கிற அக்காவிடம் இதையெல்லாம் பொறுமையாகப் பேசிவிடுங்கள், அவர்தான் அந்தச் சுவரை எல்லோரையும்விட அதிகமாகத் தொடுகிறார். கிருமிநாசினியை ப்ளக் மேல் நேராக அடிக்காமல் துணியில் அடித்து, துணியைப் பிழிந்து, அப்புறம் துடைக்க வேண்டும். துடைக்கும்போது ப்ளக்கில் எதுவும் செருகியிருக்கக் கூடாது. அவர் பார்க்கிற விரிசலையும் கருகலையும் எழுதிவைக்க அவருக்கும் வழி வேண்டும், எழுதத் தயங்கினால் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

எதைச் செருகலாம், எதைக் கூடாது

ஹேர் டிரையர், முடி சுருட்டும் கருவி, அறை ஹீட்டர், நெபுலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் வாஷ்பேசின் பக்கம் வேண்டாம். போனையும் பேசின் விளிம்பில் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம், காது கேட்கும் கருவியின் சார்ஜரும் அப்படியே. ஷேவர் ப்ளக் என்று குறித்த பாயிண்டுக்குள் ஒரு சின்னத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது ஷேவர், பல் துலக்கும் கருவி போன்ற சிறிய சுமைக்குத்தான். அடாப்டர் போட்டு வேறு எதையும் செருகினால் தாங்காது.

ஹேர் டிரையரில் பலருக்குத் தெரியாதது, சுவிட்சை அணைத்துவிட்டாலும் ப்ளக்கில் செருகியிருக்கும்வரை அதற்குள் மின்சாரம் இருக்கிறது. அணைத்துவிட்டுத்தானே வைத்தேன் என்று பேசின் ஓரத்தில் வைத்த டிரையர் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தால், ஓடிக்கொண்டிருந்த டிரையர் விழுந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. பயன்படுத்தி முடித்ததும் ப்ளக்கிலிருந்து உருவுவதுதான் அணைப்பது. உருவும்போது ப்ளக் கைக்குச் சூடாகத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

முடி காய வைப்பதை அறையிலேயே வைத்துக்கொள்ளலாம், காய்ந்த தரை, காய்ந்த நாற்காலி, துண்டால் முதலில் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஆக்ஸிஜனில் இருப்பவர் என்றால் டிரையரும் வேண்டாம், எலக்ட்ரிக் ஷேவரும் வேண்டாம். பொறி ஒன்று தெறித்தால் ஆக்ஸிஜன் பரவியிருக்கிற துணியும் முடியும் மிக வேகமாகப் பற்றும். மற்றவர்களுக்கு ஷேவிங்குக்குப் பேட்டரி ஷேவர் நல்லது, அதை நர்ஸ் மேசையில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கலாம்.

பார்க்க வருகிற உறவினர்களிடம் சொல்வதுதான் கொஞ்சம் சங்கடம். "அஞ்சு நிமிஷம்தானே" என்பார்கள். "இங்க கூடாது" என்று மட்டும் சொன்னால் கோபம் வரும், நீங்கள் புதுசு என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். "அம்மாவை ரூமுக்கே கூட்டிட்டுப் போயிடலாங்க, அங்கே உட்கார்ந்து காய வைக்க வசதியா இருக்கும், நானும் வந்து பிடிச்சுக்கறேன்" என்று சொல்லி நாற்காலியை நகர்த்தத் தொடங்கிவிடுங்கள். பெரும்பாலும் கூடவே வந்துவிடுவார்கள்.

அடிக்கடி டிரிப் ஆனால்

செருகியிருக்கிற எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒரு முறை ரீசெட் செய்து பாருங்கள். மறுபடி டிரிப் ஆகாமல் நின்றால், உருவியவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு, எல்லாவற்றையும் ஓரம் கட்டி எலக்ட்ரீஷியனுக்காக வையுங்கள், எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டாம். மறுபடி டிரிப் ஆனால் கோளாறு சுவருக்குள், அதற்கு மேல் தொடாதீர்கள். டிரிப் ஆவது தொல்லையாக இருக்கிறது என்று ஆர்.சி.சி.பி.யையே விலக்கி நேரடியாக இணைத்துக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். யாராவது அப்படிச் செய்ய முன்வந்தால் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

கருவி தண்ணீரில் விழுந்தால், ஆளுக்கு ஷாக் அடித்தால்

பேசினில் விழுந்த கருவியைக் கை விட்டு எடுக்கக் கூடாது. ப்ளக்கை உருவவும் ஓடாதீர்கள், தரை நனைந்திருக்கும், கையும் நனைந்திருக்கும். போர்டுக்குப் போய் மெயினை வெட்டுங்கள், அப்புறம் எடுங்கள். காய்ந்த பிறகும் அந்தக் கருவியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

ஒருவர் கருவியைப் பிடித்தபடி விறைத்து நின்றால் அவரைத் தொட்டு இழுக்கத்தான் கை போகும். தொட்டால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். குரல் கொடுத்து இன்னொருவரை வரவழையுங்கள், மின்சாரத்தை வெட்டுங்கள். வெட்ட வழியே இல்லை என்றால் காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக் கழியாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைக் கருவியிலிருந்து தள்ளிப் பிரித்துவிடுங்கள். ஈரத் துடைப்பமோ உலோக வாக்கரோ உதவாது.

பிரிந்ததும் அவசர எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு மூச்சைப் பாருங்கள். மூச்சு இல்லை, அல்லது திணறித் திணறி ஏதோ வருகிறது என்றால் நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். ஏ.இ.டி. (தாறுமாறான இதயத் துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி) இருந்தால் ஆளை ஈரத்திலிருந்து நகர்த்தி, நெஞ்சைத் துடைத்துக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள். தீக்காயம் இருந்தால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்னாலும் மருத்துவர் பார்க்க வேண்டும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அதையும் சோதிக்க வேண்டும். விழுந்திருந்தால் இடுப்பையும் தலையையும் பாருங்கள். ஷாக் அடித்தது உங்களுக்கே என்றாலும் இதேதான், டியூட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் உடனே போங்கள்.

எழுதி வைப்பதும் மூடி வைப்பதும்

"பாத்ரூம் ப்ளக் சரியில்லை" என்று எழுதினால் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, எரிகிறதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்படி எழுதுங்கள்: "முதல் மாடி, கிழக்குப் பக்கப் பொதுக் கழிப்பறை, வாஷ்பேசினுக்கு வலது கைப்பக்கம் உள்ள ப்ளக். இடது ஓட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை. சோப்புப் பெட்டியிலிருந்து நீர்த்தடம் தட்டின் மேல் விளிம்பு வரை. டெஸ்ட் அழுத்தினால் சத்தம் வருகிறது, விளக்கு அணையவில்லை. இன்று காலை 7.40-க்கு மூடியது." கூடவே ஒரு போட்டோ.

மறதி நோய் உள்ளவர்கள் இருக்கிற இடத்தில் ப்ளக் மேல் ஒரு தாளை ஒட்டி 'பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதுவது போதாது, படிக்க மாட்டார்கள், படித்தாலும் மறந்துவிடும். முடிந்தால் அறையையே பூட்டுங்கள். போர்டில் அந்த எம்.சி.பி.யை இறக்கி, 'வேலை நடக்கிறது, தூக்க வேண்டாம்' என்று தேதியும் பெயரும் எழுதிய அட்டையை அதன் மேல் கட்டுங்கள், இல்லாவிட்டால் விளக்கு எரியவில்லையே என்று யாராவது நல்ல எண்ணத்திலேயே தூக்கிவிடுவார்கள். டியூட்டி மாறும்போது அடுத்து வருபவரை அந்தக் கதவு வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிட்டேன் என்றால், என்ன கோளாறு, என்ன மாற்றினார், எர்த் பார்த்தாரா என்று பதிவேட்டில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அவர் இருக்கும்போதே இரவு விளக்கைச் செருகி டெஸ்டையும் ரீசெட்டையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. போர்டில் இருந்தால் முன்பு சொன்ன மாதிரி பொறுப்பு நர்ஸைக் கேட்டுக்கொண்டுதான். விளக்கு அணைந்து எரிந்தால் பூட்டைத் திறக்கலாம்.